பளபளப்பின் அடியில்: குரோமிய முலாமும் கல்முனைக் கரையின் உப்புக் காற்றும்

துவிச்சக்கர வண்டியொன்றின் கைபிடித் தண்டு கறள் பிடிப்பதை வரலாற்றுக்குரிய பொருளாக எவரும் கருதுவதில்லை. மருதமுனையில் தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே நீண்டு அக்கரைப்பற்றுக்கு அப்பாலும் செல்லும் கரையோர ஊர்களில் அது அன்றாடக் காட்சி. கடையிலிருந்து புதிதாக வரும் வண்டியின் தண்டில் முகம் பார்க்கலாம். ஓரிரு வாடைக் காலங்கள் கழிந்ததும் அதே தண்டில் ஊசி முனையளவிலான செம்புள்ளிகள் தோன்றுகின்றன. தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் அவை மறையும். மறு கிழமை அதே இடத்தில் மீண்டும் தோன்றும். பின்னர் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, முலாம் செதிலாக உரிந்து, அடியிலுள்ள உருக்கு வெளிப்படும். உப்புக் காற்றுத் தின்றுவிட்டது என்று ஊரவர் கூறுவர். இத்தீர்ப்பு முற்றிலும் தவறன்று. ஆயினும் ஒரே கடற்கரையில், ஒரே காற்றில், ஒரு வண்டி பத்தாண்டுகள் தாங்குவதும் இன்னொன்று பத்து மாதத்தில் புள்ளியிடுவதும் ஏன் என்ற வினாவுக்கு அதனால் விடை கூற முடிவதில்லை. அவ்விடையைத் தேடுவோர் குரோமிய முலாமின் வரலாற்றையே, அதிலும் குறிப்பாக அம்முலாமில் தோன்றிய குறைகளின் வரலாற்றையே, புரட்ட வேண்டியவராகின்றனர்.

முலாம் என்ற சொல்லே ஒரு குறிப்பைத் தருகின்றது. ஒளிர்தல் என்னும் பொருள்படும் அரபு வேரடியிலிருந்து பிறந்து, பாரசீக, உருது வழியாகத் தமிழில் வந்து சேர்ந்த சொல் அது. செப்புப் பாத்திரங்களுக்கு வெள்ளீயம் பூசுவதைக் குறிக்கும் கலாய் என்ற சொல்லும் அரபு வழியினதே. இவ்விரு பூச்சுகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. கலாய் என்பது உண்பவரைக் களிம்பு நஞ்சிலிருந்து காப்பதற்காகப் பூசப்படுவது. தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், கண்டவுடன் மீண்டும் பூசலாம். முலாம் என்ற சொல்லிலோ மினுக்கத்தின் பொருளே மேலோங்கி நிற்கின்றது. அடியில் உள்ளதை மறைப்பது என்ற சாயலும் அதில் உண்டு. குரோமிய முலாம் இவ்விரு பணிகளையும் ஒருங்கே செய்வதாக வாக்களித்து வந்த பொருளாகும்.

குரோமியம் என்னும் தனிமம் 1797இல் பிரெஞ்சு இரசாயனவியலாளரான லூயி நிக்கொலா வொக்லானால் கண்டறியப்பட்டது. யூரல் மலைப்பகுதியின் செந்நிற ஈயத் தாதொன்றை ஆராய்ந்த அவர், அதிலிருந்து மறு ஆண்டில் உலோகத்தையும் பிரித்தெடுத்தார். அதன் சேர்வைகள் மஞ்சள், பச்சை, செம்மஞ்சள் எனப் பல நிறங்களைக் காட்டியமையால், நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. பேருவளை வணிகரின் கையில் நெடுங்காலம் புழங்கிய செம்மாணிக்கத்தின் சிவப்பும் இத்தனிமத்தின் சிறு கலப்பினால் விளைவதே. இலங்கையர் குரோமியத்தை அறியாமலே அதனை விற்று வாழ்ந்திருக்கின்றனர் என்று கூறினும் பிழையாகாது.

மின்னோட்டத்தின் துணையால் ஓர் உலோகத்தின்மீது இன்னோர் உலோகத்தைப் படியச் செய்யும் கலை 1805இல் இத்தாலியரான புருஞாற்றெல்லி பொன்முலாமிட்டதிலிருந்து தொடங்குகின்றது. 1840இல் பேர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்ரன் குடும்பத்தினர் பெற்ற காப்புரிமையுடன் அது தொழிலாக வளர்ந்தது. நிக்கல் முலாம் அதன் பின்னர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் பரவிய துவிச்சக்கர வண்டிகளின் மினுக்கம் நிக்கலின் மினுக்கமே. எனினும் நிக்கல் நெடுநாள் மினுங்குவதில்லை. ஈரக்காற்றில் மங்கி மஞ்சள் படரும். நாள்தோறும் துடைக்க ஆளிருந்த வீடுகளிலேயே நிக்கல் நிக்கலாக இருந்தது.

குரோமியம் மங்குவதில்லை. காற்றுப் பட்டவுடன் அதன் மேற்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத ஒட்சைட்டுப் படலமொன்று தோன்றி அதனை மூடிக்கொள்கின்றது. இவ்வியல்பு அறியப்பட்டிருந்தும், 1854இல் புன்சனும் 1856இல் கொய்தரும் மின்பகுப்பால் குரோமியத்தைப் படியச் செய்து காட்டியிருந்தும், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அது ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறவில்லை. ஓர் ஆய்வாளர் பெற்ற படிவை மற்றவர் பெற முடியாதிருந்தது. ஒரே குரோமிக்கமிலம், ஒரே மின்னோட்டம். ஒருவருக்கு வெண்பளபளப்பு, இன்னொருவருக்குக் கரும்பொடி, மூன்றாமவருக்கு ஐதரசன் குமிழிகளன்றி வேறொன்றுமில்லை.

இப்புதிர் அவிழ்ந்த விதமே இத்துறையின் வரலாற்றில் சுவை மிக்க பகுதியாகும். 1920இல் சார்ஜன்ற் என்ற அமெரிக்கர் குரோமிக்கமிலத்துடன் குரோமியம் சல்பேற்றுச் சேர்த்த கரைசலிலிருந்து நல்ல படிவைப் பெற்றமையை வெளியிட்டார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கொலின் பிங்க் என்பவரும் அவருடன் பணிபுரிந்தோரும் இதனை மேலும் ஆராய்ந்து, 1926இல் காப்புரிமையும் பெற்றனர். அவர்கள் கண்டது இதுதான்: முற்றிலும் தூய குரோமிக்கமிலத்திலிருந்து குரோமியம் ஒழுங்காகப் படிவதில்லை, சிறிதளவு சல்பேற்று இருத்தல் வேண்டும், அதுவும் குரோமிக்கமிலத்தின் நூறில் ஒரு பங்கு என்ற அளவில் இருத்தல் வேண்டும். முன்னையோரில் சிலர் வெற்றி பெற்றதற்கும் சிலர் தோற்றதற்கும் காரணம், அவர்கள் வாங்கிய அமிலத்தில் அழுக்காகக் கலந்திருந்த சல்பேற்றின் அளவே. அழுக்கை நீக்க நீக்க வேலை கெட்டது! தூய்மையே குறையாகவும் மாசே மருந்தாகவும் அமைந்த இந்நிகழ்ச்சி, குறையின் மூலத்தைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தேடலாகாது என்னும் முதற் பாடத்தை இத்துறைக்குக் கற்பித்தது எனலாம்.

பிங்க் வகுத்த கரைசல் பின்வந்த காலத்தில் பெரிதும் மாறவில்லை. இலீற்றருக்கு 250 கிராம் குரோமிக்கமிலம், 2.5 கிராம் சல்பூரிக்கமிலம், 40 முதல் 45 பாகை வரையிலான வெப்பநிலை, ஈயக் கலப்புலோகத்தாலான நேர்மின்வாய்கள். நேர்மின்வாய் கரைந்து உலோகம் தருவதில்லை. கரைசலிலுள்ள குரோமியமே படிகின்றது. செலுத்தும் மின்னில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையே உலோகமாகப் படிகின்றது. எஞ்சியதன் பெரும்பகுதி ஐதரசனாகக் கொதித்தெழுகின்றது. இவ்வளவு வீண்செலவுடைய வேறொரு முலாமிடும் முறையைக் காண்பது அரிது. அவ்வாறு எழும் குமிழிகளோடு அமிலத் துளிகளும் காற்றில் கலக்கின்றன. இத்துளிகளைப் பற்றிப் பின்னர் கூறப்படும்.

முலாம் தொட்டியருகில் நின்ற தொழிலாளர் நூல்களுக்கு முன்பே குறைகளை இனங்கண்டனர். அவர்களின் பெயர்கள் எங்கும் பதிவாகவில்லை. காப்புரிமை பெற்றோரின் பெயர்களே வரலாற்றில் நிற்கின்றன. தண்டின் நுனியிலும் விளிம்பிலும் படிவு சாம்பல் நிறமாகச் சொரசொரத்தால் அதனைக் கருகல் என்றனர். மின்னோட்டம் நுனிகளிலே நெருங்கிப் பாய்வதும், கரைசல் குளிர்ந்திருப்பதும் அதற்குக் காரணங்கள். குழிந்த இடங்களில் குரோமியமே படியாமல் நிக்கலின் மஞ்சள் தெரிந்தால், சல்பேற்று மிகுந்துவிட்டது அல்லது மின்னோட்டம் போதவில்லை என்று கொள்வர். வானவில் போன்ற கறைகளோ கபில நிறமோ தோன்றினால் சல்பேற்றுக் குறைந்துவிட்டது. பால் படர்ந்தாற்போல் வெண்மங்கல் உண்டானால், வெப்பநிலை உயர்ந்திருக்கலாம். அல்லது வேலையின் நடுவில் மின்னோட்டம் ஒரு கணம் அறுந்திருக்கலாம். முலாமிட்ட குரோமியத்தின்மீது மீண்டும் குரோமியம் நன்றாகப் படிவதில்லை. மின்வெட்டு வழக்கமான நாடுகளில் இக்குறையின் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1930களில் ரிச்சட் ஹல் என்பவர் அமைத்த சிறு பரிசோதனைத் தொட்டி இவ்வனுபவ அறிவுக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. சரிவகமாக அமைந்த அத்தொட்டி 267 மில்லிலீற்றர் கரைசலைக் கொள்ளும். அதிலுள்ள தகட்டின் ஒரு முனை நேர்மின்வாய்க்கு அண்மையிலும் மறுமுனை சேய்மையிலும் இருத்தலால், ஒரே தகட்டில் கருகலிலிருந்து படியாமை வரை எல்லா நிலைகளையும் வரிசையாகக் காண முடியும். பெருந்தொட்டியைக் கெடுக்காமல் அதன் நோயை அறியும் வழி இது. உடலின் நோயை ஒரு துளிக் குருதியில் காணும் மருத்துவரின் முறையோடு இதனை ஒப்பிடலாம்.

ஆனால் மேற்கூறிய குறைகள் யாவும் தொழிற்சாலை வாயிலைக் கடப்பதற்கு முன்னர் கண்ணுக்குத் தெரிபவை. கருகிய தண்டு கல்முனைக்கு வருவதில்லை, அங்கேயே கழிக்கப்படும். கல்முனைக்கு வரும் தண்டு குறையற்றதாகவே தோன்றும். அதன் குறை எங்கே இருக்கின்றது?

அலங்காரக் குரோமிய முலாமின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. பெரும்பாலும் அதிலும் பாதியே. மனிதத் தலைமயிரை நூறாகப் பிளந்தால் கிடைக்கும் தடிப்பு என்று கருதலாம். இவ்வளவு மெல்லிய படலத்தில் நுண்துளைகளும் வெடிப்புகளும் இல்லாதிருத்தல் இயலாது. குரோமியம் படியும்போதே உள்ளிழுவிசையால் வெடிக்கும் இயல்பினது. எனவே உருக்கை உண்மையில் காப்பது குரோமியமன்று. அதன் அடியிலுள்ள நிக்கல் படையே. நல்ல வேலையில் அந்நிக்கல் குரோமியத்தைப்போல் ஐம்பது மடங்கோ அதற்கு மேலோ தடித்திருக்கும். குரோமியம் நிக்கலை மங்காமற் காக்கும் மேலாடை மட்டுமே. குரோமிய வண்டி என்று விற்கப்படுவது உண்மையில் நிக்கல் வண்டியாகும். வாங்குபவர் பார்ப்பது மேலாடையை. அவர் விலை கொடுக்க வேண்டியதோ அடியாடைக்கு. இவ்விடத்திலேதான் ஏமாற்றத்துக்கு இடமுண்டாகின்றது. நிக்கல் விலை மிக்க உலோகம். அதன் தடிப்பைக் குறைத்து, மேலே வழக்கமான குரோமியத்தைப் பூசினால், எந்தக் கண்ணும் வேறுபாட்டைக் காணாது. காண்பது காற்று மட்டுமே.

காற்று காணும் விதத்தை மின்னிரசாயனவியல் விளக்குகின்றது. ஈரமும் உப்பும் சேர்ந்த துளியொன்று குரோமியத்தின் நுண்துளையினூடாக நிக்கலைத் தொடுமாயின் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகின்றது. ஒட்சைட்டுப் படலத்தால் மூடிய குரோமியம் எதிர்மின்வாயாகவும், நிக்கல் கரையும் நேர்மின்வாயாகவும் அமைகின்றன. எதிர்மின்வாயின் பரப்போ பெரிது; கரையும் நிக்கலின் பரப்போ ஊசிமுனையளவு. ஆதலால் தாக்கம் முழுவதும் அவ்வொரு புள்ளியில் குவிந்து குழியாக இறங்குகின்றது. குழி உருக்கை அடைந்ததும் நிலைமை இன்னும் மோசமாகின்றது. உருக்கு நிக்கலினும் எளிதில் கரைவது. அங்கிருந்து கசியும் செங்கறளே மேலே புள்ளியாகத் தெரிகின்றது. எண்ணெய்த் துணி துடைப்பது கசிந்ததை மட்டுமே. குழி அப்படியே இருக்கின்றது. கூரைத் தகரத்துக்குப் பூசப்படும் நாகத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். கீறல் விழுந்தாலும் காக்கும். குரோமியமும் நிக்கலும் தாம் அழியாமல் நின்று இரும்பை அழிய விடுகின்றன.

இவ்வுண்மை பெருமளவில் வெளிப்பட்ட வரலாற்றுத் தருணம் 1950இல் மூண்ட கொரிய யுத்தத்தோடு வந்தது. நிக்கல் படைக்கலங்களுக்குத் தேவைப்பட்டதால், ஐக்கிய அமெரிக்க அரசு அலங்கார வேலைகளில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. மோட்டார் வாகன உற்பத்தியாளர் செப்பின்மீது நேரே குரோமியத்தைப் பூசி, மேலே நிறமற்ற மெருகெண்ணெய் தடவி விற்றனர். கடையில் அவ்வாகனங்களின் முகம் முன்போலவே மினுங்கியது. ஓரிரு குளிர்காலங்களில் அவை கறளால் மூடப்பட்டன; பழைய வாகனங்களைச் சேகரிப்போர் அக்காலத்து முலாமைப் பிற்காலத்திலும் குறைத்தே மதித்தனர். குரோமியம் குறையவில்லை, அடியில் இருந்தது இல்லாமற் போயிற்று.

அதற்கு முந்திய யுத்தம் வேறொரு விதமாக நேர்மையானது. 1939 முதல் 1945 வரை பிரித்தானியத் தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட துவிச்சக்கர வண்டிகளில் முலாமிட வேண்டிய உறுப்புகளும் கரும்பூச்சே பெற்றன. நிக்கலும் குரோமியமும் உருக்குக் கலப்புலோகங்களுக்கு வேண்டியிருந்தன. துருக்கியின் குரோமியத் தாதுக்காக இரு தரப்பும் போட்டியிட்டன. 1944 ஏப்பிரலில் துருக்கி ஜேர்மனிக்கான ஏற்றுமதியை நிறுத்தியமை அக்காலத்தின் பெரும் இராசதந்திரச் செய்திகளுள் ஒன்று. வண்டியின் கைபிடி மினுங்குமா கறுக்குமா என்பதை அங்காராவிலும் இலண்டனிலும் எடுக்கப்பட்ட முடிவுகள் தீர்மானித்தன. ஆயினும் கரும்பூச்சு தன்னை வேறொன்றாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கல்முனைக் கரையில் இவ்வண்டி அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. ஊர்கள் கடலை ஒட்டியும், வயல்வட்டைகள் அவற்றுக்கு மேற்கேயும் அமைந்த இந்நிலப்பரப்பில், வட்டைக்குச் செல்லும் விவசாயிக்கும், போடியாரின் வயலில் கூலிக்குச் செல்பவருக்கும், மருதமுனைக் கைத்தறித் துணியை ஊரூராகக் கொண்டு சென்றவருக்கும் அதுவே ஊர்தி. மீன் வியாபாரிக்கோ அது கடையே. விடியலில் கரைவலை இழுக்கும் இடத்துக்குச் சென்று, பின்னிருக்கையில் கட்டிய பெட்டியில் மீனும் பனிக்கட்டியும் ஏற்றி, சம்மாந்துறைப் பக்கமுள்ள உள்ளூர்கள் வரை அவர் மிதித்துச் செல்வார். பெட்டியிலிருந்து வழியும் உப்புநீர் பின்சில்லின் வளையத்திலும் கம்பிகளிலும் ஓயாமற் சொட்டும். அவருடைய வண்டிக்குக் காற்று வேண்டியதில்லை. கடலையே கூடக் கொண்டு செல்கின்றார்.

இக்கரையின் காலநிலையும் கவனிக்கத்தக்கது. நவம்பரிலிருந்து வாடைக்காற்று கடலிலிருந்து நேரே நிலத்துக்கு வீசும்; அலை உடைவில் எழும் உப்புத் திவலைகள் அதனோடு வரும். இவ்வுப்பின் அளவு கரையிலிருந்து தூரம் செல்லச் செல்ல விரைந்து குறைவது. ஆனால் இவ்வூர்களின் குடியிருப்புகளிற் பல கடற்கரையிலிருந்து நடை தூரத்திலேயே உள்ளன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு எழுபத்தைந்தளவை எட்டியதும் தானே ஈரமாகிக் கரையத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மகனீசியச் சேர்வைகள் அதனினும் குறைந்த ஈரத்திலேயே இளகும். எனவே மழை பெய்யாத இரவிலும் தண்டின்மீது உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கின்றது. மழையோ ஒரு வகையில் நன்மை செய்வது; மேற்புறத்தைக் கழுவிவிடுகின்றது. தண்டின் கீழ்ப்புறமும், மழை படாத தாழ்வாரத்தில் நிறுத்திய வண்டியும் முந்திக் கறள் பிடிப்பதற்குக் காரணம் இதுவே. நனையாமல் வைத்துக் காத்த வண்டியே முதலில் கெட்டது என்ற குறைபாட்டை விதியின்மீது சுமத்த வேண்டியதில்லை.

முலாமைச் சோதிப்பதற்கு மேலைநாட்டார் அமைத்த உப்புத் தெளிப்பு அறை இத்தகைய கடற்கரையின் செயற்கைப் படியே. அதற்கான அமெரிக்க நியமம் முதலில் 1939இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஐந்து பங்கு உப்புக் கரைசலை 35 பாகை வெப்பநிலையில் இடையறாது தெளித்து, எத்தனை மணி நேரத்தில் கறள் தோன்றுகின்றது என்று கணக்கிடுவர். கடல்நீரில் உப்பு நூற்றுக்கு மூன்றரைப் பங்களவு. வெப்பநிலை கல்முனைப் பகலோடு ஏறத்தாழ ஒத்தது. எனினும் அறையில் நல்ல மதிப்பெண் பெற்ற முலாம் வீதியில் தோற்றது. பனி உருக உப்பிடும் வழக்கம் பரவிய அமெரிக்க வீதிகளில் வாகனங்களின் முலாம் கெட்டதைக் கண்டபின், 1950களின் பிற்பகுதியில் செப்புக் குளோரைட்டும் அசற்றிக்கமிலமும் கலந்த கடுஞ் சோதனைகள் வகுக்கப்பட்டன. அக்காலத்திலேயே இரட்டை நிக்கல் முறையும் வந்தது. கந்தகமற்ற அரைமினுக்க நிக்கலை அடியிலும், சிறிது கந்தகம் கலந்த மினுக்க நிக்கலை அதன்மேலும் இடுவர். மேலது கீழதைவிட எளிதில் கரைவதால், இறங்கி வரும் குழி இரண்டும் சந்திக்கும் எல்லையில் திசை மாறிப் பக்கவாட்டில் பரவுகின்றது. உருக்கை அடைவது நெடுங்காலம் தள்ளிப்போகின்றது.

இதனினும் வியப்பானது அடுத்த படி. குரோமியத்தில் துளையே இல்லாமற் செய்ய முயன்று தோற்றவர்கள், துளைகளைப் பெருக்கினர். சதுர சென்ரிமீற்றருக்குப் பத்தாயிரத்துக்குக் குறையாத நுண்துளைகள், அல்லது ஒரு சென்ரிமீற்றர் நீளத்தில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட நுண்வெடிப்புகள் உண்டாகுமாறு குரோமியத்தைப் படியச் செய்தனர். ஒரு துளையில் குவிந்த தாக்கம் பல்லாயிரம் துளைகளில் பகிரப்பட்டு, எந்த ஒன்றிலும் ஆழமாக இறங்காதாயிற்று. கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லை. குறையை ஒழிக்க முடியாதபோது அதனைச் சமமாகப் பங்கிட்ட இத்தீர்வு பொருளியல் மாணவரையும் சிந்திக்க வைக்கக்கூடியது.

இவ்வறிவு உலகில் வளர்ந்த காலத்தில் இலங்கையின் சந்தை வேறொரு போக்கிற் சென்றது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1960களிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின. 1970 முதல் 1977 வரையிலான ஆட்சியில் அவை உச்சத்தை அடைந்தன. புதிய வண்டியும் உதிரிப்பாகமும் அரிதான அக்காலத்தில் பழையதைப் பேணுதலே வழி. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின் கடைகளில் பொருள்கள் குவிந்தன. விலை வேறுபட்ட வண்டிகள் அருகருகே நின்றன. ஒரு வாசகன் இவ்விரு காலங்களையும் ஒப்பிட்டு, பழைய இங்கிலாந்து வண்டியே உறுதியானது என்று முடிவு கட்டுவது எளிது. முதியோர் பலர் அவ்வாறே கூறுவர். அதில் உண்மையும் உண்டு, நினைவின் மயக்கமும் உண்டு. உறுதியற்ற பழைய வண்டிகள் எப்போதோ பழைய இரும்பாகிவிட்டன. எஞ்சியவை உறுதியானவை மட்டுமே. ஒப்பிட வேண்டியது நாட்டின் பெயரையோ ஆண்டையோ அன்று, நிக்கலின் தடிப்பை. 1949இல் பேர்மிங்காம் நிறுவனமொன்றின் கூட்டோடு சென்னை அம்பத்தூரில் துவிச்சக்கர வண்டித் தொழிற்சாலை தொடங்கப்பட்டபோதே இத்தொழில் இங்கிலாந்தின் தனியுடைமை என்ற நிலை தளரத் தொடங்கிவிட்டது. நன்றாகவும் மோசமாகவும் முலாமிடும் வல்லமை இரு கரைகளிலும் உண்டு.

விலைச்சீட்டில் எழுதப்படாத செலவொன்றும் உண்டு. கரைசலிலிருந்து குமிழிகளோடு எழும் அமிலத் துளிகள் அறுவலுக் குரோமியத்தைச் சுமப்பவை. குரோமேற்றுச் சேர்வைகளைக் கையாண்டோரின் கைகளில் ஆறாத புண்கள் தோன்றுவதை 1827இலேயே கிளாஸ்கோ மருத்துவரான கியூமின் பதிவு செய்திருந்தார். முலாமிடும் தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளே கழிந்த 1928இல், அமெரிக்கப் பொதுச் சுகாதார அறிக்கையொன்றில் புளூம்பீல்ட், புளூம் என்ற இருவர் முலாம் தொழிலாளரின் மூக்கின் நடுத்தட்டில் உண்டாகும் பாதிப்பை விவரித்தனர். அத்தட்டில் நோவின்றித் துளை விழுவது இத்தொழிலின் அடையாளமாயிற்று. குரோமியத்தின் நுண்துளையை உருப்பெருக்கியால் தேடிய தொழில், தொழிலாளியின் மூக்கிலிருந்த துளையைக் கைவிளக்கால் பார்க்க நெடுநாள் எடுத்துக்கொண்டது. அறுவலுக் குரோமியச் சேர்வைகள் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 1990இல் வகைப்படுத்தியது.

இரசாயனக் கழிவின் கதை தமிழகத்தின் இராணிப்பேட்டையில் எழுதப்பட்டிருக்கின்றது. முலாமுக்காகவன்றித் தோல் பதனிடுதல் முதலிய தொழில்களுக்கெனக் குரோமேற்றுச் சேர்வைகளைச் செய்த ஆலையொன்று 1995இல் மூடப்பட்டபோது, ஒன்றரை இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவை வெட்டவெளியில் விட்டுச் சென்றது. மழையில் கரைந்து நிலத்தடி நீரில் கலந்த அதன் மஞ்சள் நிறம், வொக்லான் கண்டு பெயரிட்ட நிறங்களுள் ஒன்றேயாகும். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டெம்பர் முதல் தனி அனுமதியின்றிக் குரோமிக்கமிலத்தைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. கலிபோர்னியா மாநிலம் 2023இல் இயற்றிய விதிகளின்படி, அலங்கார முலாமில் அறுவலுக் குரோமியத்தின் பயன்பாடு 2027இன் தொடக்கத்திலிருந்து தடை செய்யப்படுகின்றது. மாற்றாக முன்வைக்கப்படும் மூவலுக் குரோமியக் கரைசல் நஞ்சிற் குறைந்தது. அதன் படிவு பழையதைவிடச் சற்றுக் கருமை தோய்ந்தது என்பதே வாடிக்கையாளரின் முறைப்பாடு. நூறாண்டுப் பழக்கத்தால் கண் எந்த வெண்மையை நேர்த்தி என்று கொண்டதோ, அதிலிருந்து ஒரு சாயல் விலகியதும் அது குறை எனப்படுகின்றது. அடியிலுள்ள நிக்கலைப் பற்றி முறைப்பாடு செய்வோர் இன்றும் குறைவே.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் இக்கரையின் ஊர்களுக்குள் புகுந்து, அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டு சென்றது. அவ்வழிவின் முன் உலோகத்தின் கேட்டைப் பேசுவது பொருந்தாது. எனினும் மணலிலிருந்து தோண்டி எடுத்த வண்டியைக் கழுவி மீண்டும் தொழிலுக்குப் போக வேண்டியவராகப் பலர் இருந்தனர் என்பதும் வரலாறே. கடல்நீரில் மூழ்கிய வண்டியை உடனே நன்னீரால் கழுவுவதே அதனைக் காக்கும் வழி. குடிநீரே கிடைக்காத நாட்களில் அதற்கு இடமேது?

அண்மைக் காலத்தில் அலுமினிய வளையங்களும் கறையில்லா உருக்குக் கம்பிகளும் முலாமின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்து வருகின்றன. பழைய தண்டுகளுக்குத் திருத்துமிடங்களில் வெள்ளிநிறப் பூச்சு அடிக்கப்படுவதும் உண்டு. உரிந்த முலாமைச் சுரண்டாமல், குழிகளிலுள்ள உப்பைக் கழுவாமல் அடிக்கப்படும் அப்பூச்சு அடுத்த வாடைக்குள் கொப்புளிக்கும். நல்ல திருத்துநர் முதலில் கைபிடி இறப்பர் உறைகளைக் கழற்றுவார். காற்றே புகாததாகத் தோன்றும் அவ்வுறையின் அடியில், கையின் வியர்வையும் உப்பீரமும் தேங்கி நின்ற இடத்தில், தண்டு சில வேளைகளில் விரலால் அழுத்தினாலே உடையும் அளவுக்கு இற்றிருக்கும். வெளியே தெரிந்த பகுதியில் அப்போதுதான் முதற் புள்ளிகள் தோன்றியிருக்கும்.